லம்துவானின் அட்டை

காலையில் பிசித் முதலில் உமி அடுப்பைப் பற்றவைப்பான். முந்தின நாள் அரைத்து வைத்த அரிசிமாவை ஒருமுறை கலக்குவான். நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பான். அண்டாவில் தண்ணீர் கொதித்ததும், அதன் வாயில் இழுத்துக் கட்டிய துணிமேல் ஒரு கரண்டி மாவை ஊற்றி, கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்த்து, மூடியைப் போட்டு இருபதுவரை எண்ணுவான். மூடியை எடுத்தால் மாவு தாள் மாதிரி வெந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கை லம்துவான் மூங்கில் குச்சியை அடியில் விட்டு அதைத் தூக்கி, தட்டியில் படுக்கப்போடுவாள். ஒரு தட்டிக்குப் பத்துத் தாள். தட்டி நிறைந்ததும் அவன் எழுந்து போய் ஆற்றங்கரை வேலியில் வெயிலுக்குச் சாய்த்து வைத்துவிட்டு வருவான். மறுபடி ஒரு கரண்டி. மறுபடி இருபது.

இருவரும் பேசமாட்டார்கள். ஆற்றங்கரை ஊரான சீசியங்மாயில் பாதி வீடுகள் அரிசித்தாள் போடும் வீடுகள்தான். எல்லா வீட்டு அடுப்படியிலும் பேச்சுச் சத்தம் தெருவரை கேட்கும். ஜூலை மாதம்வரை இந்த வீட்டுச் சத்தம்தான் அதிகம். அப்போது குச்சி பிடித்தது பிசித்தின் மனைவி சிவிலாய்.

ஏழு மணிக்குப் போன் அடிக்கும். அக்கரையிலிருந்து மாமியார் கம்பாய். மேகோங் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிவது வேறு நாடு, அதன் தலைநகரம் வியன்டியான். அவள் ரொட்டிக்கடை போட்டிருக்கும் தெருவின் கோயில் கோபுரம் இங்கிருந்து பார்த்தாலே தெரியும். கொரோனா என்று எல்லைப் பாலத்தை மார்ச்சில் மூடினார்கள். இது நவம்பர். மகளின் தகனத்துக்கும் அவளால் வர முடியவில்லை. எலும்பை ஒரு சிறு மண்கலயத்தில் போட்டு, வெள்ளைத்துணி சுற்றி, இக்கரைக் கோயிலில் வைத்திருந்தார்கள். பாலம் திறந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

"சாப்பிட்டியா மாப்ள?" என்று கேட்பாள்.

"ஆச்சும்மா."

"வெயில் எப்படி?"

"நல்லா இருக்கு."

பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்ட அதே குரலில் கேட்பாள். "என் மக கடைசியா என்னப்பா சொன்னா?"

"அம்மான்னுதாம்மா சொன்னா."

"ம்" என்பாள். போனை வைத்துவிடுவாள். தொண்ணூறு நாளுக்கு மேல் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு முறையும் லம்துவான் குச்சியைத் தட்டியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்ப்பாள்.

சிவிலாய் இறந்து நூறாம் நாள் காலை, பிக்குகளுக்கு ஒட்டரிசிச் சோறு கூடையில் வெந்துகொண்டிருந்தது. போன் அடிக்கும் நேரத்துக்குச் சற்றுமுன் லம்துவான் சொன்னாள்.

"இன்னிக்கும் அதையே சொன்னா, நான் போனைப் பிடுங்கிப் பேசிடுவேன்."

"என்ன பேசுவ?"

"எம் பேரைச் சொல்லுவேன். அது போதும்."

*

சிவிலாய் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் கோயிலில் நடந்தது, மணிக்கட்டில் நூல் கட்டினார்கள், ஊருக்கே சாப்பாடு போட்டார்கள். பதிவு மட்டும் செய்யவில்லை. அதற்கு அவள் நாட்டிலிருந்து, இவளுக்கு ஏற்கெனவே புருஷன் இல்லை என்று ஒரு காகிதம் வேண்டும். அதை மொழிபெயர்க்கவேண்டும், இரண்டு தலைநகரங்களில் முத்திரை வாங்கவேண்டும். அதைவிடச் சுலபமாக ஒரு வழி இருந்தது. முப்பது நாளுக்கு ஒருமுறை நொங்காய் பாலத்தைக் கடந்து போய், அம்மாவைப் பார்த்துவிட்டு, திரும்பிவந்தால் பாஸ்போர்ட்டில் புதிதாக முப்பது நாள் குத்துவார்கள்.

"மாசா மாசம் பொண்ணு அழைப்பு. எந்த ராணிக்குடா நடக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்வார்கள்.

"ஒவ்வொரு தடவையும் வேற மாப்பிள்ளை கிடைப்பானான்னு பாத்துட்டுத்தான் வர்றேன். சிக்கமாட்டேங்கறான்" என்பாள் சிவிலாய்.

பதிவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிசித் சொல்வான். கோன்கேனில் நாலு வருஷம் படித்தவன். தெருவில் யாருக்கு அரசாங்கக் காகிதம் வந்தாலும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். சட்டம் தெரிந்தவன் என்று பேர். சிவிலாய் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. காலேஜ்காரரே என்பாள்.

அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு முத்திரையின் முப்பது நாளில் ஒன்றைக்கூட வீணாக்கக்கூடாது. கடைசி நாளன்றுதான் பாலத்துக்குப் போவார்கள். மார்ச் மாத முத்திரை இருபத்துநாலாம் தேதிவரை இருந்தது. இருபத்தோராம் தேதி சனிக்கிழமை சிவிலாய் சொன்னாள்.

"பாலத்தை மூடப்போறாங்களாம். இன்னிக்கே போய்ட்டு வந்துடலாமா?"

"இன்னும் மூணு நாள் இருக்கு. இன்னிக்கு வெயில் நல்லா அடிக்குது, நாப்பது தட்டி போடலாம்."

நாற்பது தட்டி போட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாலம் மூடியது.

பிறகு அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர்களின் விசா காலம் முடிந்தாலும் குற்றமில்லை, ஏப்ரல் கடைசிவரை இருக்கலாம் என்று. பிறகு ஜூலை முப்பத்தொன்றுவரை என்று நீட்டினார்கள். ஊரில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிசித் மட்டும் அறிவிப்பை மூன்றுமுறை படித்தான். மார்ச் இருபத்தாறுக்குப் பிறகு காலம் முடிந்தவர்களுக்கு என்று அதில் இருந்தது. சிவிலாயின் முத்திரை இருபத்துநாலு.

"ரெண்டு நாள்தானே? ரெண்டு நாளுக்கா ஆளைத் தூக்குவாங்க?" என்றாள் லம்துவான்.

"எழுதியிருக்கறது எழுதியிருக்கறதுதான்" என்றான் அவன்.

சிவிலாய் குச்சியில் தாளைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். "பிடிச்சா என்ன பண்ணுவாங்க? ஊருக்கு அனுப்புவாங்க. பாலம் மூடியிருக்கு. பாதிப் பாலத்துல நிக்கவைப்பாங்களா? அங்கயே ஒரு அடுப்பு போட்டுக்கறேன். ரெண்டு பக்கமும் விக்கலாம்."

அவள் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்றிலிருந்து அவளைச் சந்தைக்கு விடவில்லை.

*

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. தாள் போடுவதே சூதாட்டம் மாதிரி. வெயில் வந்தால் தட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், மேகம் வந்தால் திருப்பிக்கொண்டு ஓடி வரவேண்டும். பாதி காய்ந்த தாள் ஈரம் பட்டால் பூசணம் பிடித்துப் பன்றிக்குத்தான் ஆகும். அந்த ஓட்டத்துக்கு நடுவில், முப்பத்தொன்றுக்கு அப்புறம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பது தெருப்பேச்சாக இருந்தது. நீட்டியாகிவிட்டது என்று ஒருவன் போனில் காட்டுவான். அது பொய் என்று இன்னொருவன் காட்டுவான். மந்திரிசபை ஒத்துக்கொண்டது, ஆனால் கையெழுத்து ஆகவில்லை என்பான் மூன்றாமவன்.

பிசித் நொங்காயில் குடிவரவு அலுவலகத்துக்குத் தனியாகப் போனான். கண்ணாடிக்கு அப்பால் ஒரு நடுத்தர வயதுப் பெண் அலுவலர் இருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்காகக் கேக்கறேன். முப்பத்தொண்ணுக்கு மேல நீட்டிப்பாங்களா?"

"டிவியில நீங்க என்ன பாக்கறீங்களோ அதைத்தான் நாங்களும் பாக்கறோம் தம்பி. காகிதம் இன்னும் வரல."

"மார்ச் இருபத்தாறுக்கு முன்னாடியே முடிஞ்சவங்கன்னா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனை நாள் முன்னாடி?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்."

"ஆளைக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

அவன் வெளியே வந்து வண்டியை எடுத்தான். ஐம்பது கிலோமீட்டரும் அந்த வார்த்தையைத்தான் புரட்டிக்கொண்டு வந்தான். கூட்டிட்டு வாங்க என்றால் பிடித்து வைக்கத்தான் என்று முடிவு செய்தான். வீட்டில் வந்து, "காகிதம் வரட்டும், அதுவரை நீ இங்க இல்ல" என்று சிவிலாயிடம் சொன்னான்.

"நான் இங்க இல்லன்னா, இந்தத் தட்டியையெல்லாம் யாரு தூக்கறது?" என்றாள் அவள்.

அதற்கு நாலைந்து நாள் முன்பு அவள் வேறொன்று சொல்லியிருந்தாள். மாவு அரைக்கும்போது, மெஷின் சத்தத்தில், அவன் காதருகே வந்து. "நாள் தள்ளிப் போயிருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாகிட்ட நானே நேர்ல சொல்லணும்." அவன் மாவுக்கையோடு அவள் கன்னத்தைத் தொட்டான். அவள் அந்த வெள்ளைக் கறையைத் துடைக்காமல் மத்தியானம்வரை வேலை செய்தாள்.

*

ஜூலை இருபத்தாறாம் தேதி ஞாயிறு. காலையில் இரண்டு தட்டி போட்டிருப்பார்கள். சிவிலாய் குச்சியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன?"

"வலது பக்கம் கொத்தி இழுக்குது. காலையில லேசா தீட்டு மாதிரி பட்டுச்சு. வரவேண்டியது வந்துட்டுதோ என்னமோ."

அவள் முகம் வெளுத்திருந்தது. ஒரு மணி நேரம் படுத்தாள். சரியாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். அவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

பிசித் நடையில் நின்று யோசித்தான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பார்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள். தேதியைப் பார்ப்பார்கள். போனில் ஒரு தட்டு தட்டினால் குடிவரவுக்காரன் வந்துவிடுவான். முப்பத்தொன்றுக்கு இன்னும் ஐந்து நாள்.

"லம்துவான், உன் அட்டையைக் குடு."

"எந்த அட்டை?"

"அடையாள அட்டை."

அவளுக்குப் புரிந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "போட்டோல நான்தான் அழகு. அவங்க சந்தேகப்பட்டாங்கன்னா அதனாலதான் இருக்கும்" என்றாள். சிவிலாய் வலியோடு சிரித்தாள். கொரோனா காலம், எல்லோர் முகத்திலும் கவசம். கண்ணும் நெற்றியும் மட்டும்தான் தெரியும். இருவருக்கும் ஒரே வயது, ஒரே உயரம். பிசித்துக்கு அது ஒரு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வண்டியில் போகும்போது சொல்லிக்கொடுத்தான்.

"நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கறேன்."

"ஏன், நான் பேசினா என்ன? நம்ம பேச்சு ஒண்ணுதானே."

"ஒண்ணுதான். ஆனா நீ ஆமான்னு சொல்றதுக்கு தோய்ங்கற. இந்த ஊர்ல எந்தப் பொண்ணு அப்படிச் சொல்லுது? ஒரு வார்த்தையில தெரிஞ்சுடும்."

"ஊமைப் பொண்டாட்டி வேணும்னு முன்னாடியே சொல்லியிருந்தா, எங்க தெருவிலயே ஒருத்தி இருந்தாளே."

"சிவிலாய், வெளையாட்டு இல்ல."

"சரி காலேஜ்காரரே. பேசல."

அவள் பேசவில்லை. நர்ஸ் அட்டையை வாங்கி, கணினியில் தட்டினாள். பாங்காக்கிலிருந்து வந்தவள் போல, சுத்தமாகப் பேசினாள்.

"லம்துவான், எங்க வலிக்குது?"

சிவிலாய் பிசித்தைப் பார்த்தாள்.

"வயிறு. காலையிலேர்ந்து" என்றான் பிசித்.

"அவங்களைச் சொல்லச் சொல்லுங்க."

"தொண்டை கட்டியிருக்கு. பேச முடியல."

"இருமல், காய்ச்சல் உண்டா?"

"இல்ல இல்ல. கத்திக் கத்திப் பேசினதுல கட்டிக்கிச்சு."

டாக்டர் இளைஞன். வரிசை வாசல்வரை நின்றது. வயிற்றை அழுத்தினான். சிவிலாய் கவசத்துக்குள் பல்லைக் கடித்தாள், சத்தம் வரவில்லை. அவன் கணினியை எட்டிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் கேட்டான். "கர்ப்பமா இருக்க வாய்ப்பு?"

நர்ஸ் திரையைப் படித்தாள். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நாலு வருஷம் முன்னாடி நம்மகிட்டதான் பண்ணியிருக்காங்க. ரெண்டாவது பிரசவத்தோட." பிசித்தின் பக்கம் திரும்பினாள். "சரிதானே?"

அது லம்துவானுக்குச் செய்தது. இரண்டாவது குழந்தை பிறந்தபோது. இதே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன்தான் காத்திருந்தான். சிவிலாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கவசத்துக்கு மேலே கண் இரண்டும் அப்படியே நின்றன. அவள் சொல்லச் சொல்கிறாளா, சொல்லவேண்டாம் என்கிறாளா என்று அவனுக்கு அப்போது தெரியவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தெரிந்துதான் இருந்தது.

"ஆமாங்க" என்றான்.

"அப்ப அந்த டெஸ்ட் வேண்டாம்" என்றான் டாக்டர். வாயுவுக்கும் வலிக்கும் மாத்திரை எழுதினான். இரண்டு நாளில் குறையவில்லையென்றால் வரச்சொன்னான்.

திரும்பும்போது சிவிலாய் ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆறு பெருகி மண்நிறத்தில் ஓடியது. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதிகம் பேசவில்லை. "தோள்ல வலிக்குது" என்றாள் சாயந்திரம். வயிற்றுவலிக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் தைலம் தேய்த்துவிட்டான். மூங்கில்குருத்து ரசத்தில் ஒட்டரிசியைத் தொட்டு ஊட்டினான். இரண்டு உருண்டை சாப்பிட்டாள்.

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. லம்துவான் தடுத்தும் கேட்காமல், சிவிலாய் ஒரே ஒரு தட்டியை வேலிக்கு எடுத்துக்கொண்டு போனாள். வேலிக்கு நாலடி முன்னால் விழுந்தாள். பத்துத் தாளும் மண்ணில் ஒட்டிக்கொண்டன.

பக்கத்து வீட்டுப் பிக்கப் வண்டியின் பின்னால் பாயைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். பிசித் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். லம்துவான் காலைப் பிடித்துக்கொண்டாள். உதடு மாவு மாதிரி வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும், தள்ளுக்கட்டிலோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். அப்போது சிவிலாய் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து ஒன்று கேட்டாள். சட்டைப்பையில் லம்துவானின் அட்டை இருந்தது. அவன் குனிந்து, "கொஞ்சம் பொறு" என்றான்.

உள்ளே கொண்டுபோனார்கள். முக்கால்மணி நேரம். வெளியே வந்தது வேறொரு டாக்டர், வயதான பெண்.

"கரு குழாயில தங்கி வெடிச்சிருக்கு. வயிறு பூரா ரத்தம்" என்றாள். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "ஆபரேஷன் பண்ணினவங்கன்னு போட்டிருக்கு. எனக்கு இது புரியல."

ஒரு குமாஸ்தா பெஞ்சுக்கு வந்து, சாவுக் காகிதத்துக்கு விவரம் கேட்டான். "லம்துவான். வயசு இருபத்தொன்பது. சரிங்களா?"

குமாஸ்தா எழுத ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லம்துவான், தன் பெயரை அவன் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"அது நானுங்க. நான் சாகல" என்றாள்.

*

எல்லாம் சொல்லவேண்டியதாயிற்று. முந்தின நாள் பார்த்த நர்ஸும் அங்கே வந்து நின்றாள். அவள் திட்டவில்லை. "பாஸ்போர்ட்டே இல்லாட்டியும் பாப்போமே. நாங்க விசா கேக்கறதே இல்லையே. அக்கரையிலேர்ந்து வர்ற பொண்ணுங்க பாதிப்பேருக்கு நான்தானே பிரசவம் பாத்திருக்கேன்" என்றாள். அவள் சுத்தமாகப் பேசியது, வேலை நேரத்துப் பேச்சு. இப்போது இந்தப் பக்கத்துப் பேச்சில்தான் பேசினாள்.

இரண்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. செப்டம்பர் இருபத்தாறுவரை நீட்டிப்பு. சாவைப் பதிய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நொங்காய் போனபோது, அதே அலுவலர் பெண் இருந்தாள். தேதியைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள்தானா? இதுக்காகவா தம்பி நீங்க அன்னிக்கு வந்தது?" என்றாள். பாஸ்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, "கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேனே" என்றாள்.

செப்டம்பரில் மறுபடி நீட்டினார்கள். பிசித் அதையும் படித்தான். படிக்க வேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும், கண் தேதியைத் தேடிப்போகும். தெருவில் யாரும் இப்போது அவனிடம் காகிதம் கொண்டுவருவதில்லை. அவன் வருத்தப்படுவானே என்றுதான் கொண்டுவராமல் இருக்கிறார்கள். அது அவனுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

*

நூறாம் நாள் காலை, ஏழு மணிக்குப் போன் அடித்தது. கம்பாய் அன்று கடை திறக்கவில்லை. அக்கரையில் ஆற்றோரம் வந்து நின்றிருந்தாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"பிக்குங்க வந்தாச்சா?"

"வருவாங்கம்மா. சோறு வெந்துட்டுது."

"நான் இங்க நிக்கறேன். நீ வேலிகிட்ட வந்தா தெரியுமா?"

"தெரியாதும்மா. தூரம்."

"தட்டி தெரியுது. வெள்ளையா வரிசையா. அது உங்க வீடுதானே?"

"எல்லா வீடும் அப்படித்தாம்மா இருக்கும்."

"சரி." அவள் மூச்சு வாங்கினாள். "சாப்பிட்டியா?"

"இல்லம்மா."

இத்தனை நாளில் முதல்முறையாக அவன் இல்லை என்றான். லம்துவான் குச்சியைக் கீழே வைத்தாள். அவன் எழுந்து, போனோடு வேலிக்குப் போனான். நின்றுகொண்டே சொன்னான். மார்ச் இருபத்தொன்றில் ஆரம்பித்தான். நாற்பது தட்டி. இரண்டு நாள். அலுவலகம். அட்டை. வாயைத் திறக்காதே என்றது. நர்ஸ் கேட்டது, தான் ஆமாங்க என்றது. எதையும் சுற்றிவளைக்கவில்லை. மெஷின் சத்தத்தில் அவள் தன் காதில் சொன்னதையும் சொன்னான். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இருமுறை திரையைப் பார்த்துக்கொண்டான். நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருந்தது" என்றாள் கடைசியில்.

"தெரியும்மா. உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னா."

"எங்கிட்டக்கூட சொல்லாம வாயை மூடிக்கிட்டிருந்திருக்கா. எம் பொண்ணு. தூக்கத்துலயும் பேசுவா அவ." ஆறு நடுவில் ஓடியது. "நீ சொல்லி மூடிக்கிட்டிருந்திருக்கா."

"ஆமாம்மா."

"அந்தத் தங்கச்சிப் பொண்ணு பக்கத்துல இருக்கா?"

"அடுப்படியில இருக்கா."

"அவளுக்கு நல்ல ஆயுசு வரட்டும்." அதை எப்படிச் சொன்னாள் என்று அவனால் பிரிக்க முடியவில்லை. "எலும்பை நீ கொண்டு வரவேண்டாம். பாலம் திறந்தா நான் வர்றேன். நானே எடுத்துக்கறேன்."

"சரிம்மா."

"மாப்ள."

"அம்மா."

"அம்மான்னு அவ சொல்லல."

"இல்லம்மா."

"அப்ப என்ன சொன்னா? நிஜமா."

வேலியில் தாள்கள் காய ஆரம்பித்திருந்தன. காய்கையில் மூங்கிலிலிருந்து விடுபட்டு ஒவ்வொன்றாகச் சின்னச் சத்தம் போடும். சரியான நேரத்தில் உரிக்காவிட்டால் உடைந்துவிடும். அவன் அக்கரையைப் பார்த்தான். அங்கே கரையில் நிற்கிற ஆட்களில் எது அவள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், வண்டி நின்றதும், சிவிலாய் அவன் சட்டைக் கையை இழுத்தாள், அவன் குனிந்தான். அதை அவன் அவளுடைய அம்மாவுக்கு, அவள் கேட்ட மாதிரியே, மெதுவாகச் சொன்னான்.

"இனிமே பேசலாமா?"